ஊசிமுனை எங்கே நின்றது?

மார்பகக் கட்டிக்கு ஊசி டெஸ்ட் எழுதித் தந்ததும் பெண்கள் கேட்கும் முதல் கேள்வி வலியைப் பற்றியதாக இருக்காது. "குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?" என்றுதான் கேட்பார்கள். தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலம் பேத்தாலஜிஸ்டாக இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு சென்னையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடு பார்க்கும் அந்த மருத்துவர் இதற்குச் சொல்லிப் பழகிய பதில் சுருக்கமானது. "ஊசி போட்டதால பரவறதில்லம்மா. என்ன கட்டின்னு தெரியாமலே வச்சுக்கிட்டு இருக்கறதுதான் தப்பு."

அவருக்கு இருக்கும் பயம் வேறு. ஊசி கட்டிக்குள் போகாமல் பக்கத்திலிருக்கும் கொழுப்பிலேயே நின்றுவிடலாம். அங்கிருந்து நல்ல செல்கள் நாலைந்தைக் கொண்டுவரலாம். அதைப் பார்த்து யாரோ "கெடுதல் இல்லாத கட்டி" என்று எழுதிவிட, அந்தப் பெண் நிம்மதியாக ஊர் திரும்பலாம். ஒன்றுமே வராத ஊசியை மறுபடி குத்திக்கொள்ளலாம். தப்பான இடத்திலிருந்து அழகான செல்களோடு வந்த ஊசியை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒரு மாதிரி போதுமா, போதாதா என்று தீர்மானிப்பதில்தான் தன் வேலையின் பாதி கழிந்தது என்கிறார் அவர்.

எஃப்.என்.ஏ.சி. என்னும் இந்த ஊசி டெஸ்ட் நடக்கும் அறை என்பது பெரும்பாலும் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு கட்டில். 23 கேஜ் ஊசி. அதன் குறுக்களவு ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். பத்து மில்லி சிரிஞ்ச். கட்டியை இரண்டு விரல்களுக்கிடையே நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கொழுப்பில் ஊசி தடையே இல்லாமல் இறங்கும். இளம்பெண்களுக்கு வரும் ஃபைப்ரோஅடினோமா ரப்பர் மாதிரி எதிர்த்து, விரலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடும். புற்றுநோய்க் கட்டிகள் பலவற்றில் ஊசி நறநறவென்று போகும்; அந்த நறநறப்பைக் கை ஒருமுறை உணர்ந்துவிட்டால் மறப்பதில்லை. நீர்க்கட்டி என்றால் சிரிஞ்சில் வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ நீர் ஏறும். நீர் முழுதும் வந்தபின் விரலால் மறுபடி தடவிப் பார்ப்பார். கட்டி கரைந்துபோயிருந்தால் சரி. மீதி ஏதாவது தட்டுப்பட்டால் அந்த மீதிக்கு இன்னொரு ஊசி. நீரில் ரத்தம் கலந்திருந்தால் அது ஸ்லைடுக்குப் போயாக வேண்டும்.

முதுகலை மாணவர்களிடம் அவர் வற்புறுத்தியவை இரண்டு. ஊசியின் அடிப்பகுதியில், கண்ணாடி போன்ற அந்தப் பிளாஸ்டிக் குமிழில், ஏதாவது தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் வருவது ரத்தம்தான். ஊசியை வெளியே எடுக்கும் முன் சிரிஞ்சின் உறிஞ்சலை விட்டுவிட வேண்டும். விடாமல் எடுத்தால் வந்த செல்கள் அத்தனையும் சிரிஞ்சுக்குள் பாய்ந்து சுவரில் ஒட்டிக் காய்ந்துவிடும். பாரிஸின் க்யூரி இன்ஸ்டிட்யூட்டில் ஆந்த்ரே ஸஜ்தேலா 1980களில் பரப்பிய முறையில் உறிஞ்சுவதே கிடையாது. வெறும் ஊசியை விரலால் பிடித்துக் கட்டிக்குள் முன்னும் பின்னும் அசைத்தால், செல்கள் தாமாகவே ஊசியின் குழலில் ஏறிக்கொள்ளும். ரத்தம் குறையும், கட்டியின் தன்மை விரலுக்கு நேராகத் தெரியும். மாவட்ட மருத்துவமனைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அவர் இந்த முறைக்கு மாறிவிட்டார்.

மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன்பே மாதிரி தன்னைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். ஸ்மியர் இழுத்த ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கச் சொல்வார். கொழுப்பு மட்டும் என்றால் எண்ணெய்த் துளிகள் பளபளத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் உலராது; ஆல்கஹாலில் இட்டதும் கரைந்து, கடைசியில் வெறுங்கண்ணாடிதான் மிஞ்சும். நீர்த்த ரத்தம் சிவப்பாக வழிந்தோடும். கொஞ்சம் வெளிறி, குருணையாக, கண்ணாடியில் ஒட்டிப் பரவுவதுதான் செல் நிறைந்த பொருள். மாணவர்கள் துறைக்கு வந்த முதல் சில நாட்கள் அவர்களுக்கு மைக்ராஸ்கோப் கிடையாது. ஸ்லைடைக் கையில் தூக்கிப் பார்த்து என்ன இருக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். அதன்பின் டெக்னீஷியன் டொலுயிடின் புளூ ஒரு சொட்டு விட்டுத் தருவார். அந்த ஈரத்திலேயே ஒரு நிமிடத்தில் செல் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்தப் பெண் இன்னும் கட்டிலில்தான் இருப்பார். அப்போதே இன்னொரு முறை குத்திக்கொள்ளலாம்.

கெட்டுப்போகும் வழிகளும் இந்தச் சில நிமிடங்களிலேயே இருக்கின்றன. பாப்பனிகோலா நிறமேற்றலுக்குப் போகும் ஸ்லைடு ஈரமாகவே 95 சதவீத ஆல்கஹாலுக்குள் விழ வேண்டும். சற்று உலர்ந்தாலும் செல்கள் பரந்து ஊதி, உட்கருவின் விவரம் மங்கிவிடும். சாதாரண செல்லே பெரிதாகி மிரட்டும். ஜீம்சா ஸ்லைடுக்கோ நேர் எதிர்: வேகமாக உலர வேண்டும். அழுத்தி இழுத்தால் உட்கருக்கள் நசுங்கி நூல் நூலாக நீளும். அல்ட்ராசவுண்ட் பார்த்துவிட்டு அப்படியே குத்தினால் தோலில் மிச்சமிருக்கும் ஜெல்லும் ஊசியோடு வந்துவிடும். ஜீம்சாவில் அது ஊதா நிறக் குருணையாகத் திரண்டு செல்களை மூடிக்கொள்வதோடு அவற்றைச் சிதைக்கவும் செய்யும். "ஜெல்லைத் துடைச்சிட்டுக் குத்துங்க சார்" என்று ரேடியாலஜி அறைக்கு அவர் சொல்லியனுப்பாத வாரம் குறைவு.

இந்த ஊசியின் வரலாறு பழையது. 1930இல் நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹேய்ஸ் மார்ட்டினும் எட்வர்ட் எல்லிஸும் 18 கேஜ் ஊசியால் கட்டிகளை உறிஞ்சிப் பரிசோதித்த முறையை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் அது பரவவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஸ்வீடனின் கரோலின்ஸ்காவில் சிக்ஸ்டன் ஃபிரான்சன், யோசெஃப் ஸாயிசெக் போன்றவர்கள் மெல்லிய ஊசியையும் ஜீம்சா வகை நிறமேற்றலையும் கொண்டு அதைத் தனிக் கலையாக வளர்த்தார்கள். ஒரே கையால் சிரிஞ்சைப் பிடித்து இழுக்க உதவும் உலோகக் கைப்பிடிக்கு ஃபிரான்சன் பெயர்தான். நம் மருத்துவர் பயிற்சி பெற்ற காலத்தில் துறையின் இழுப்பறையில் அப்படியொன்று கிடந்தது. கருவியும் செலவும் குறைவு, மயக்க மருந்து வேண்டாம், மாலைக்குள் பதில். இந்திய அரசு மருத்துவமனைகள் இந்த ஊசியை இறுகப் பற்றிக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சரி, எத்தனை செல் இருந்தால் போதும்?

இதற்குப் பதில் சொல்லி முடியவில்லை. ஐந்து கொத்து, ஆறு கொத்து என்று ஒவ்வொரு மையமும் ஒவ்வொரு கணக்கு வைத்திருந்தது. 1996இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் பெதெஸ்டாவில் கூட்டிய மாநாடு எண்ணிக்கை எதையும் கட்டாயமாக்க மறுத்தது. சர்வதேச சைட்டாலஜி அகாடமியின் யோகோஹாமா முறை 2020இல் நூலாக வந்தபோது ஒரு அளவுகோலைத் தந்தது: ஒவ்வொன்றிலும் இருபது செல்களாவது உள்ள ஏழு கொத்துகள். அந்த முறையில் அறிக்கை ஐந்து பெட்டிகளில் ஒன்றில் விழ வேண்டும்: போதாதது, கெடுதலற்றது, இயல்பு பிறழ்ந்தது, சந்தேகத்துக்குரியது, புற்றுநோய். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கும் வாய்ப்பையும் அந்நூல் மதிப்பிட்டிருக்கிறது. கெடுதலற்றதில் 1.4 முதல் 2.3 சதவீதம். போதாததில் 2.6 முதல் 4.8 சதவீதம். மாணவர்களுக்கு அவர் இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுவார். "போதாது" என்ற அறிக்கையை வாங்கிக்கொண்டு ஒன்றுமில்லை என்று நினைத்து வீட்டுக்குப் போகும் பெண், "கெடுதலற்றது" என்று வாங்கிப் போனவரைவிட அதிக ஆபத்தோடு போகிறார்.

ஏழு கொத்து என்ற கணக்கை அவர் மதிப்பவர்தான். ஆனால் அதைக் கொண்டு மட்டும் தீர்ப்பு எழுதியதில்லை. அவர் விவரிக்கும் நான்கு ஸ்லைடுகள் அந்தக் கணக்கு எங்கே உதவும், எங்கே உதவாது என்று காட்டிவிடும்.

முதலாவது, இருபதுகளில் இருக்கும் பெண். மூன்று சென்டிமீட்டர் கட்டி, வழுக்குகிறது. ஸ்லைடில் மான்கொம்பு மாதிரி கிளைத்த கொத்துகள், பின்னணி முழுக்க சைட்டோபிளாசம் உதிர்ந்த வெற்று உட்கருக்கள். ஃபைப்ரோஅடினோமாவுக்கு இதைவிட நல்ல மாதிரி கிடையாது. எண்ண வேண்டிய தேவையே இல்லை. இரண்டாவது, அறுபதைத் தாண்டிய அம்மா. கல்போன்ற கட்டி, முலைக்காம்பு உள்ளிழுத்திருக்கிறது. மூன்று முறை குத்தியும் ஸ்லைடில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறிய செல்கள், சில இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி. கொத்து ஒன்றுகூட இல்லை. கணக்குப்படி இது போதாத மாதிரி. ஆனால் லோபுலார் வகைப் புற்றுநோய் நார் நிறைந்தது, செல்லை எளிதில் விடாது. கொஞ்சமாக வருவதே அதன் குணம். பிறழ்ந்த செல்கள் கண்ணில் பட்டுவிட்டால் மாதிரியைப் "போதாதது" பெட்டியில் போடக் கூடாது என்று யோகோஹாமா விதியும் சொல்கிறது.

மூன்றாவதில் மார்பகச் செல்களே கிடையாது. சீழும், எப்பிதீலியாய்டு செல்கள் கூடிய கிரானுலோமாக்களும். நம் நாட்டில் இதைப் பார்த்ததும் காசநோய்க்கான சாயம் போட்டுத் தேட வேண்டும். பால்நாளச் செல் இல்லையே என்று யாரும் இந்த ஸ்லைடைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நான்காவது ஸ்லைடில் கொத்துகள் எட்டு, ஒன்பது. எல்லாம் சாதாரண பால்நாளச் செல்கள், கூடவே கொழுப்பு. கணக்கு நிறைந்துவிட்டது. ஆனால் படிவத்தில் அறுவை மருத்துவர் "கடினமான, ஒழுங்கற்ற விளிம்புள்ள நான்கு சென்டிமீட்டர் கட்டி" என்று எழுதியிருக்கிறார். ஸ்லைடில் இருப்பது அந்தக் கட்டியை விளக்கவில்லை. ஊசி கட்டிக்கு அருகே போய் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். இந்த நான்காவதைத்தான் அவர் மிகவும் கவனித்துப் படிப்பார். அறிக்கையில் செல்களை விவரித்துவிட்டு, கீழே ஒரு வரி சேர்ப்பார்: இம்மாதிரி கட்டியிலிருந்து வந்ததாகக் கொள்ள முடியவில்லை, மறுமாதிரி தேவை.

அந்த வரியை எழுதுவது சுலபமில்லை. விடியலில் பஸ் பிடித்து, அன்றைய கூலியை விட்டுவிட்டு, வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லாமல் வந்திருக்கும் பெண்ணிடம் "மறுபடி வாங்கம்மா" என்று சொல்ல வேண்டியிருக்கும். வார்டிலிருந்து போன் வரும்: "மேடம், லிஸ்ட்ல போட்டிருக்கு, எப்படியாவது ஒரு ரிப்போர்ட் குடுங்க." மறுமாதிரி கேட்கும் பேத்தாலஜிஸ்ட்டுக்குக் கண் தெரியவில்லை என்று பேச்சும் வரும். இதற்கு அவர் கண்டுகொண்ட வழி, பேசுவதைக் குறைத்துக்கொண்டு அறையை மாற்றுவது. ஊசி போடும் அறையிலேயே மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு நிமிட நீலச் சாயம் அங்கேயே. மறுமாதிரி வேண்டுமென்றால் அன்றே, அதே கட்டிலில். போதாத ஸ்லைடுகள் குறைந்தன, போன்களும் குறைந்தன.

பிறகு கன் வந்தது. ஸ்வீடன்காரர் பெர் லிண்ட்கிரென் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய விசைக்கருவி, சதைத்துண்டு எடுப்பதைக் கண்ணிமைக்கும் நேர வேலையாக்கியது. கொலராடோவின் ஸ்டீவ் பார்க்கர் 1990இல் அதை 14 கேஜ் ஊசியோடு மேமோகிராம் வழிகாட்டலில் மார்பகத்துக்குக் கொண்டுவந்தார். உள்ளூசி முன்னே பாய்ந்து தன் பள்ளத்தில் சதையை ஏந்திக்கொள்ள, வெளியுறை சீறி வந்து வெட்டும். பாய்ச்சலின் நீளம் பொதுவாக 22 மில்லிமீட்டர். அதனால் விசையைத் தட்டும் முன் முனை எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, தட்டிய பின் எங்கே போய் நிற்கும் என்பதே முக்கியம். மார்புச்சுவருக்கு இணையாகப் பிடிக்காவிட்டால் அது நுரையீரல் உறை வரை போகக்கூடும்.

நமக்குக் கன் அவசியமானதற்குக் காரணம் சிகிச்சை மாறியது. எஃப்.என்.ஏ.சி. புற்றுநோய் என்று சொல்லும். அது பால்நாளத்துக்குள் அடங்கியிருக்கிறதா, உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதா என்று சொல்லாது. பெரிய கட்டியோடு வரும் பெண்களுக்கு முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகுதான் அறுவை. சிலருக்குக் கட்டி முழுதாகக் கரைந்தே போய்விடுகிறது. அப்படியானால் மருந்து படாத நிலையில் அந்தக் கட்டியிலிருந்து உலகத்தில் மிஞ்சியிருப்பது கன் எடுத்த நான்கைந்து துண்டுகள் மட்டும். ஈ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 புரதம் எல்லாம் அதில்தான் பார்த்தாக வேண்டும்.

அந்தத் துண்டு சேமியா இழை அளவுதான். எடை இருபது மில்லிகிராமைத் தொடுவதே அபூர்வம். இங்கும் கண் முதலில் பேசுகிறது. ஃபார்மலின் பாட்டிலில் மஞ்சளாக மிதப்பது பெரும்பாலும் கொழுப்பு. வெண்மையாக, முழுதாக, அடியில் இறங்கிக் கிடப்பது கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம். துண்டு துண்டாக உடைந்து வருவதும் ஒரு செய்தி; அழுகிய கட்டியாக இருக்கலாம், ஊசி மழுங்கியிருக்கவும் செய்யலாம். நியூயார்க்கின் லாரா லிபர்மன் 1994இல் வெளியிட்ட ஆய்வில், கட்டிகளில் ஐந்து துண்டுகள் எடுத்தால் 99 சதவீதம் விடை கிடைத்தது. கால்சியப் புள்ளிகளில் அதே ஐந்து துண்டுகள் 87 சதவீதம்தான் தந்தன. ஸ்கிரீனில் ஊசிமுனை கட்டிக்குள் நிற்பதைப் படமெடுத்து, அதையும் படிவத்தோடு அனுப்பும் ரேடியாலஜிஸ்ட்டின் மாதிரியைப் பார்க்கும்போது அவருக்குப் பாதிக் கவலை இல்லை.

ஆய்வகத்துக்குள் வந்த பிறகும் துண்டு கெட வழியுண்டு. ஃபோர்செப்ஸால் அழுத்திப் பிடித்தால் செல் நசுங்கும். கேசட்டில் கரடுமுரடான ஸ்பாஞ்சுக்கு நடுவே வைத்தால் சதையில் முக்கோண ஓட்டைகள் விழும். அனுபவமில்லாத கண் அதை வேறேதோ என்று எண்ணும். ஐந்து துண்டுகளையும் ஒரே கேசட்டில் அள்ளிப்போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் கிடக்கும். மைக்ரோடோமில் ஒன்றைச் சமன்படுத்துவதற்குள் இன்னொன்று பாதி தேய்ந்துபோகும். எனவே தட்டையாக, பிரித்து. முதல் வெட்டிலேயே, ஈ.ஆர். போன்றவற்றைப் பார்க்கும் ஐ.எச்.சி. சாயத்துக்கான ஸ்லைடுகளையும் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது டெக்னீஷியன்களுக்கு அவர் தந்த நிலையான உத்தரவு. பிறகு பிளாக்கை மறுபடி மாட்டிச் சீவும்போது வீணாகும் சதை திரும்பி வராது.

ஃபார்மலின் விஷயத்துக்கு வந்தால் அவர் குரல் கொஞ்சம் உயரும். பத்து சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், சதையின் அளவைப்போல் பத்து மடங்காவது. எடுத்த துண்டு ஒரு மணி நேரத்துக்குள் அதில் விழ வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கமும் பேத்தாலஜிஸ்ட்டுகள் கல்லூரியும் ஹார்மோன் ஏற்பிச் சோதனைக்காக வகுத்த எல்லை இது. ஒரு சதவீத செல்கள் சாயமேற்றாலும் ஈ.ஆர். பாசிட்டிவ் என்பது அவர்கள் விதி. ஒன்று முதல் பத்து சதவீதம் என்றால் 2020 திருத்தத்தின்படி "குறைந்த பாசிட்டிவ்" என்று தனியே குறிக்க வேண்டும். அந்த ஒரு சதவீதத்தில் மாத்திரை ஹார்மோன் சிகிச்சை நிற்கிறது.

ஒருமுறை சிறிய மருத்துவமனை ஒன்றிலிருந்து துண்டுகள் சலைனில் வந்தன. சனிக்கிழமை மதியம் எடுத்தது, திங்கட்கிழமை கையில். புற்றுநோய் என்று சொல்லும் அளவுக்கு ஸ்லைடு தெளிவாகவே இருந்தது. ஈ.ஆர். போட்டால் கட்டி சுத்தமாக வெள்ளை. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்திட இளைய மருத்துவர் தயாராக இருந்தார். மூத்தவர் ஸ்லைடின் ஓரத்துக்குப் போனார். அங்கே இயல்பான பால்நாளம் ஒன்று இருந்தது. இயல்பான நாளத்தில் சில செல்களாவது ஈ.ஆர். சாயத்தை ஏற்க வேண்டும். அதுவும் வெள்ளையாக இருந்தது. "நாளமே எடுக்கலையேம்மா, கட்டி மட்டும் எப்படி எடுக்கும்?" என்று கேட்டார். அந்தச் சோதனையைப் படிக்க முடியாது என்று அறிக்கை போயிற்று. மறுபடி எடுத்து, முறையாக ஃபார்மலினில் வந்த துண்டில் ஈ.ஆர். அழுத்தமான பாசிட்டிவ்.

சென்னைக்கு வந்தபின் அவருக்குப் புதிதாகச் சேர்ந்த வேலை கால்சியம். கையில் தட்டுப்படாமல் மேமோகிராமில் மட்டும் பொடியாகத் தெரியும் புள்ளிகள். துண்டுகளை எடுத்தவுடன் எக்ஸ்ரே எடுத்து, புள்ளி உள்ளவற்றைத் தனிக் கேசட்டில் அனுப்ப வேண்டும். எக்ஸ்ரேயில் புள்ளி இருந்து ஸ்லைடில் இல்லையென்றால் அறிக்கை எழுதக் கூடாது. முதலில் போலரைஸ்டு வெளிச்சத்தில் பார்ப்பார்; கால்சியம் ஆக்சலேட் சாதாரண வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும், அங்கே மின்னும். அதுவும் இல்லையென்றால் இன்னும் ஆழமாக வெட்டச் சொல்வார். அப்போதும் காணோமென்றால் மெழுகு பிளாக்கையே எக்ஸ்ரேவுக்கு அனுப்பி, புள்ளி உள்ளேயே தங்கிவிட்டதா, மைக்ரோடோம் கத்தியில் உதிர்ந்ததா என்று பார்ப்பார்.

பிரிட்டன் வழியில் கன் துண்டுகளுக்கு பி1 முதல் பி5 வரை குறியீடு உண்டு. பி1 என்றால் இயல்பான சதை அல்லது பயன்படாத மாதிரி. பி1 தவறான விடையாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. மேமோகிராமில் ஒன்றுமில்லாத இடத்தில் எடுத்திருந்தால் அதுதான் சரியான விடை. ரேடியாலஜிஸ்ட் பைராட்ஸ் 5, அதாவது படத்தில் பெரும்பாலும் புற்றுநோய்தான், என்று எழுதிய இடத்திலிருந்து பி1 வந்தால் மட்டும் அன்றே போனை எடுப்பார். கையால் தடவிப் பார்த்தது, படத்தில் பார்த்தது, ஊசியில் வந்தது மூன்றும் ஒத்துப்போகாத பெயர்கள் வாரக் கூட்டத்தின் பட்டியலில் முதலில் வரும்.

மாவட்ட ஊர்களிலிருந்து அந்தக் கூடத்துக்கு வரும் படிவத்தில் அவர் கேட்டுச் சேர்த்த இரண்டு கட்டங்கள் இருக்கின்றன: துண்டு எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். எந்தப் பக்கம், கடிகாரத்தில் எத்தனை மணி இடம், காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கும் ஒரு வரி. பல படிவங்கள் நிரப்பி வருகின்றன. சிலவற்றில் இரண்டு நேரமும் ஒரே எழுத்தில், ஒரே பேனாவில், பாட்டிலை அனுப்பும்போது ஞாபகமாகப் போட்டதாகத் தெரியும். காலியாக வருபவற்றை வரவேற்பில் இருக்கும் பெண் அவர் மேசைக்குத் தனியே கொண்டுவந்து வைக்கிறார். எந்த ஆஸ்பத்திரி, தியேட்டரில் யார் இருந்தார்கள் என்று கேட்டு, பிளாக் போடும் முன்பே அவர் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்.